ஓஆர்எம் இருந்தாலே இன்ஜெக்‌ஷன் வராது என்பது பாதிதான் சரி

"ஜாங்கோ ஓஆர்எம் இருக்கிறதே, எஸ்கியூஎல் இன்ஜெக்‌ஷன் பற்றி யோசிக்கவே வேண்டாம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். புதிதாகக் கற்பவர்கள் இதை அப்படியே நம்பிவிட வேண்டாம். ஜாங்கோ என்பது பைத்தானில் இணையதளம் கட்ட உதவும் ஃப்ரேம்வொர்க்; அதன் ஓஆர்எம், எஸ்கியூஎல்லை நாமே எழுதாமல் பைத்தான் கோடிலேயே டேட்டாபேஸைக் கையாள விடும் பகுதி. பயனர் தட்டியது குவெரியின் (டேட்டாபேஸுக்கு அனுப்பும் எஸ்கியூஎல் கட்டளையின்) பகுதியாகவே ஓடிவிடுவதுதான் எஸ்கியூஎல் இன்ஜெக்‌ஷன்.

ஓஆர்எம்மில் தேடுவதற்கான ஃபில்டர், எக்ஸ்க்ளூட், கெட் இவற்றுக்குத் தரும் மதிப்புகளை ஜாங்கோ குவெரிக்குள் ஒட்டாமல் தனி பாராமீட்டராக டேட்டாபேஸ் டிரைவரிடம் கொடுக்கிறது, அதனால் பயனர் மேற்கோள் குறி, செமிகோலன் என எதைத் தட்டினாலும் அது வெறும் எழுத்தாகத்தான் போகும். இதுவரை சரி. ஆனால் எஸ்கியூஎல்லை நாமே எழுதும் ரா மெத்தடிலோ கர்சரிலோ, மதிப்பை நேரடியாக வரிக்குள் ஒட்டும் எஃப்-ஸ்ட்ரிங் போட்டு குவெரி கட்டினால் இந்தப் பாதுகாப்பு துளியும் கிடையாது. அங்கேயும் பாராம்ஸ் வழியாகத்தான் மதிப்பைத் தர வேண்டும்.

அப்புறம், பாதுகாப்பு மதிப்புகளுக்குத்தான், ஃபீல்ட், நெடுவரிசை போன்றவற்றின் பெயர்களுக்கு அதே உத்தரவாதம் இல்லை. 2021-இல், முடிவுகளை வரிசைப்படுத்தும் ஆர்டர்_பை-க்குப் பயனர் தந்ததைச் சரிபார்க்காமல் கொடுத்தால் இன்ஜெக்‌ஷன் நுழையும் என்று ஜாங்கோ குழுவே அறிவித்து 3.1.13, 3.2.5 பதிப்புகளில் அடைத்தது. 2022 ஏப்ரலில், குவெரியில் கூடுதல் நெடுவரிசையோ கணக்கோ சேர்க்கும் அனோட்டேட், அக்ரிகேட், எக்ஸ்ட்ரா மூன்றிலும் இன்னொரு ஓட்டை: டிக்‌ஷனரியை இரட்டை நட்சத்திரம் போட்டு விரித்து அனுப்பினால் அதன் கீ வழியாக. 4.0.4-இல் சரிசெய்தார்கள்.

இன்ஜெக்‌ஷனே இல்லாமலும் மாட்டலாம். யூஆர்எல்லில் வந்த எல்லாவற்றையும் அப்படியே ஃபில்டருக்குள் விரித்துவிட்டால், "யூசர்__பாஸ்வேர்ட்__ஸ்டார்ட்ஸ்வித்" (பாஸ்வேர்ட் ஃபீல்ட் இந்த எழுத்தில் தொடங்குகிறதா) என்று கேட்டுக் கேட்டே ஒருவர் கடவுச்சொல் ஹாஷை, அதாவது கடவுச்சொல்லை உருமாற்றிச் சேமித்த வடிவத்தை, எழுத்தெழுத்தாகக் கண்டுபிடித்துவிடுவார். எந்தெந்த ஃபீல்டில் தேடலாம், வரிசைப்படுத்தலாம் என்ற பட்டியலை நீங்களே கோடில் எழுதி வைத்து, அதில் இல்லாததை நிராகரியுங்கள்.