"பிடிக்கவில்லை என்றால் பூசாதீர்கள்" என்பது பதில் அல்ல

அழகுசாதனப் பொருட்களில் பி.எஃப்.ஏ.எஸ். என்ற வேதிப்பொருட்களைச் சேர்ப்பதைச் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டுமா என்று முந்தாநாள் ஒரு விவாதம் நடந்தது. "பிடிக்கவில்லை என்றால் பூசாமல் இருங்கள், இதற்கெல்லாம் எதற்குச் சட்டம்?" என்று அதில் ஒருவர் கேட்டதும், அதற்கு அத்தனை பேர் சிரித்துக் கைதட்டியதும் இன்னும் மனத்தை அறுத்துக்கொண்டே இருக்கின்றன. பூசுவதா வேண்டாமா என்பதல்ல இங்கே கேள்வி. எதைப் பூசுகிறோம் என்பதை நமக்கு யாரும் சொல்வதில்லை என்பதுதான் கேள்வி.

பி.எஃப்.ஏ.எஸ். என்பது ஆயிரக்கணக்கான வேதிப்பொருட்களைக் கொண்ட ஒரு குடும்பம். தண்ணீரும் எண்ணெயும் ஒட்டாத குணத்துக்காக மஸ்காராவிலும் ஃபவுண்டேஷனிலும் உதட்டுச்சாயத்திலும் இவற்றைச் சேர்க்கிறார்கள். கார்பனும் ஃப்ளூரினும் இறுகிக் கிடக்கும் அந்தப் பிணைப்பு மண்ணிலும் நீரிலும் எளிதில் அறுபடுவதில்லை.

என் மகள் முதன்முதலாக வாங்கிய உதட்டுச்சாயத்தின் பெட்டியை மேசை விளக்கடியில் வைத்து, அவள் தாத்தாவின் பூதக்கண்ணாடியால் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். இந்த வேதிப்பொருட்களின் பெயர்களில் வழக்கமாக வரும் 'ஃப்ளூரோ' என்ற சொல் எங்கும் இல்லை. நிம்மதியாகத் தூங்கினேன். பிறகுதான், 2021-இல் நோட்ரடாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமெரிக்காவிலும் கனடாவிலும் வாங்கிய 231 பொருட்களைச் சோதித்ததைப் படித்தேன். பாதிக்கும் மேற்பட்டவற்றில் ஃப்ளூரின் அதிகம், அது பி.எஃப்.ஏ.எஸ். இருக்கலாம் என்பதன் அடையாளம். அவற்றில் 29 பொருட்களைத் துருவிப் பார்த்தபோது அத்தனையிலும் பி.எஃப்.ஏ.எஸ். இருந்தது, அதை லேபிளில் சொல்லியிருந்தது ஒன்றே ஒன்று. இனி நான் எந்தப் பெட்டியைப் படித்து என்ன பயன்?

உற்பத்தியின்போது தற்செயலாகக் கலந்திருக்கலாம் என்பார்கள். இருக்கலாம். அதைச் சோதிக்க வேண்டியது தயாரித்தவரா, பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்திருக்கும் நானா? அளவு மிகக் குறைவு என்பார்கள். இந்தக் குடும்பத்தில் எல்லாமே ஒரே அளவு தீங்கானவை அல்ல என்பதையும், தோல் வழியாக எவ்வளவு உள்ளே போகிறது என்ற ஆய்வு இன்னும் நடக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதே குடும்பத்தைச் சேர்ந்த பி.எஃப்.ஓ.ஏ., இரத்தத்தில் ஏறிவிட்டால் பாதியாகக் குறையவே ஆண்டுக்கணக்கில் ஆகும். அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று 2023-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்திவிட்டது. உதட்டில் பூசுவது உதட்டோடு நிற்பதும் இல்லை. சாப்பாட்டோடும் தண்ணீரோடும் உள்ளே போகிறது.

நிறுவனங்களுக்குச் செலவாகும் என்ற வாதத்துக்கு என்னிடம் பொறுமை இல்லை.

அமெரிக்காவில் செனட்டர்கள் சூசன் காலின்ஸும் ரிச்சர்ட் ப்ளூமென்தாலும் எதிரெதிர்க் கட்சிக்காரர்களாக இருந்தும் சேர்ந்து 2021-இல் கொண்டுவந்த தடை மசோதா சட்டமாகவில்லை. கலிஃபோர்னியா காத்திருக்கவில்லை, வேண்டுமென்றே சேர்ப்பதற்கு அங்கே 2025 ஜனவரி முதல் தடை. பிரான்சில் 2026 ஜனவரி முதல். நியூசிலாந்தும் 2026 முடிவைக் கெடுவாக அறிவித்தது. அங்கெல்லாம் சட்டம் பெண்களைப் பார்த்துப் 'பூசாதீர்கள்' என்று சொல்லவில்லை. தயாரிப்பவரைப் பார்த்துச் 'சேர்க்காதீர்கள்' என்றது.

எனக்கு வலிப்பது வாதம்கூட அல்ல, அந்தச் சிரிப்பு. பெண்கள் பூசுவது என்றால் அது ஆடம்பரம், அதனால் வரும் கேடும் அவர்கள் தலையெழுத்து என்கிற அந்தத் தொனி. இரவில் நாங்கள் முகம் கழுவிய நீர் சாக்கடையில் போய்த்தான் சேர்கிறது. அதிலிருப்பதை மண்ணும் ஆறும் சிதைத்துவிடாது. கைதட்டியவர்கள் குடிப்பதும் அந்த ஆற்றுத் தண்ணீரைத்தான்.

"போட்டுக்கலாமாம்மா?" என்று நேற்றும் மகள் கேட்டாள். அந்தப் பெட்டி இன்னும் பிரிக்கப்படாமல் மேசை மேலேயே இருக்கிறது.