முகத்தை வைத்துத் தேடும் தளங்கள்: எதை எதற்குப் பயன்படுத்தலாம்?

திருமணத் தகவல் தளத்தில் வந்த வரனின் புகைப்படம் உண்மைதானா, வெளிநாட்டில் வேலை வாங்கித் தருவதாக வாட்ஸ்அப்பில் பேசுகிறவர் யார், தன் படத்தை எடுத்து யாரேனும் போலிக் கணக்கு வைத்திருக்கிறார்களா என்றெல்லாம் சந்தேகம் வரும்போது பலரும் கேட்பது, முகத்தை வைத்துத் தேட எந்தத் தளம் நல்லது என்பதைத்தான். ஒரே ஒரு பெயரைச் சொல்லி இதற்குப் பதில் தர எனக்கு விருப்பமில்லை. தேட வேண்டியது படத்தையா முகத்தையா, அது யாருடைய முகம் என்ற இரண்டையும் முதலில் தெளிவுபடுத்திக்கொண்டால் எந்தத் தளம் என்பது பெரும்பாலும் தானே விளங்கிவிடும். பல நேரங்களில் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டியிருக்காது.

படத்தைத் தேடுவதில் பழைய பெயர் டின்ஐ. கனடாவின் டொராண்டோவிலிருந்து 2008ஆம் ஆண்டு முதல் இயங்கும் இத்தளத்துக்கு முகம் என்றால் என்னவென்றே தெரியாது. கொடுத்த அதே படம், வெட்டப்பட்டோ சுருக்கப்பட்டோ நிறம் மாற்றப்பட்டோ இணையத்தில் வேறெங்கே இருக்கிறது என்பதை மட்டும் அது காட்டும். முடிவுகளைப் பழைமை வரிசையில் அடுக்கிப் பார்க்கலாம் என்பதால், ஒரு படம் முதலில் எங்கே வந்தது என்று அறிய இன்றும் நான் இதைத்தான் திறக்கிறேன். கூகுள் லென்ஸ் இதைவிடப் பரந்த வலையை வீசும். ஆனால் சாதாரண மனிதர்களின் முகத்தை அடையாளம் காட்டுவதில்லை. அத்தகைய தொழில்நுட்பத்தை உருவாக்கியும் வெளியிடாமல் நிறுத்தி வைத்ததாக 2011இல் கூகுளின் அப்போதைய செயல் தலைவர் எரிக் ஷ்மிட் வெளிப்படையாகவே கூறினார். விளைவாக, என் படத்தையே லென்ஸில் கொடுத்தால் நான் யாரென்று அது சொல்வதில்லை. நான் போட்டிருக்கும் கட்டம் போட்ட சட்டை எந்தெந்தக் கடையில் என்ன விலை என்பதை வரிசையாகக் காட்டுகிறது. ரஷ்யாவின் யாண்டெக்ஸ் இலவசமாகக் கிடைப்பதோடு முகச் சாயலையும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் ரஷ்ய, கிழக்கு ஐரோப்பிய முகங்களில் அது காட்டும் கெட்டிக்காரத்தனம் நம் ஊர் முகங்களில் குறைந்துவிடுகிறது என்பது என் அனுபவம்.

வரன், வேலை, காதல் என்று வரும் மோசடிகளுக்கு இவை பெரும்பாலும் போதும், ஏனெனில் மோசடிக்காரர் தன் முகத்தை வைப்பதில்லை. எங்கோ இருக்கும் ஒரு மருத்துவரின், ராணுவ அதிகாரியின், மாடலின் படத்தை அப்படியே எடுத்து வைக்கிறார். மூலப்படம் அகப்பட்டால் விஷயம் முடிந்தது. அகப்படாவிட்டால் ஆள் நல்லவர் என்று பொருளில்லை. செயற்கை நுண்ணறிவு வரைந்து கொடுத்த முகத்துக்கு இணையத்தில் மூலமே இருக்காது.

முகத்தைத் தேடும் தளங்களின் கதை வேறு. அவை படத்திலிருந்து முகத்தை மட்டும் பிரித்தெடுத்து அதை நூற்றுக்கணக்கான எண்களின் வரிசையாக மாற்றுகின்றன. பிறகு, இணையத்திலிருந்து முன்கூட்டியே திரட்டி வைத்திருக்கும் கோடிக்கணக்கான முகங்களில் எந்த எண்வரிசை இதற்கு மிக அருகில் இருக்கிறது என்று பார்க்கின்றன. ஆகவே படம் வேறு, வயது வேறு, தாடி வேறு என்றாலும் ஆள் அகப்படுவார்.

இவற்றில் அதிகம் பேசப்படுவது பிம்ஐஸ். 2017இல் போலந்தில் தொடங்கிய இதைப் பின்னர் ஜார்ஜியா நாட்டைச் சேர்ந்த கியோர்கி கோப்ரோனிட்ஸே வாங்கினார். படத்தைக் கொடுத்தால் சிறு சதுரங்களாக முகங்கள் வந்து நிற்கும். எந்தத் தளத்தில் இருக்கின்றன என்ற இணைப்பைக் காண மாதம் சுமார் 30 டாலரிலிருந்து கட்ட வேண்டும். சமூக ஊடகங்களைத் தாங்கள் தேடுவதில்லை என்கிறார்கள். செய்தித் தளங்கள், கல்லூரி விழா ஆல்பங்கள், திருமணப் புகைப்படக்காரர்களின் தளங்கள், ஆபாசத் தளங்கள் எல்லாம் அதன் வலைக்குள் அடங்கும். நியூயார்க் டைம்ஸ் 2022இல் தன் பத்திரிகையாளர்கள் சிலரின் சம்மதத்தோடு சோதித்தபோது, கறுப்புக் கண்ணாடி, முகக்கவசம் அணிந்த படங்களைக் கொண்டும் அது ஆளைக் கண்டுபிடித்தது. ஜெர்மனியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தலைமறைவாக இருந்த, ‘செம்படைப் பிரிவு’ (RAF) என்ற தீவிரவாதக் குழுவைச் சேர்ந்த டேனியலா க்ளெட்டேவை 2024 பிப்ரவரியில் காவல்துறை கைது செய்வதற்குச் சில மாதங்கள் முன்பே, ஒரு புலனாய்வுப் பத்திரிகையாளர் அவருடைய பழைய படத்தை இதில் கொடுத்து, பெர்லினில் கப்போய்ரா என்ற பிரேசில் தற்காப்புக் கலைக் குழுவொன்றின் படங்களில் அவர் முகத்தைக் கண்டிருந்தார்.

முப்பதாண்டுத் தலைமறைவைக் கண்டுபிடிக்கும் ஒரு கருவி, பேருந்தில் எதிர் இருக்கையில் அமர்ந்திருக்கும் பெண்ணையும் கண்டுபிடிக்கும். ஹார்வர்ட் மாணவர் இருவர் 2024இல் கேமரா பொருத்திய மூக்குக் கண்ணாடியை இதே பிம்ஐஸுடன் இணைத்து, எதிரில் வருபவரின் பெயரையும் முகவரியையும் வரவழைக்க முடியும் என்று செய்து காட்டினார்கள். ஆபத்தை உணர்த்தவே செய்ததாகக் கூறி, நிரலை வெளியிடவில்லை. உங்கள் சொந்த முகத்தை மட்டுமே தேட வேண்டும் என்பது பிம்ஐஸின் விதி. அந்த விதியைக் காப்பது நாம் டிக் செய்யும் ஒரு கட்டம்தான். இதைப் பாதுகாப்பு என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

ஃபேஸ்செக் என்ற தளம் சமூக ஊடகப் படங்களையும், கைதானவர்களின் படங்களையும், மோசடிக்காரர் பட்டியல்களையும் சேர்த்தே தேடி, ஒவ்வொரு முடிவுக்கும் நூற்றுக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போடுகிறது. எனக்கு மிகவும் கவலை தருவது இந்த மதிப்பெண்தான். அது சாயலின் அளவேயன்றி ஆளின் அடையாளமல்ல. கோடிக்கணக்கான முகங்களுக்கு நடுவே தேடும்போது யாருக்கும் அவரைப் போலவே தோன்றும் வேறொருவர் அகப்படலாம். அமெரிக்க அரசின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, சோதித்த பல மென்பொருள்களில் ஆசிய, ஆப்பிரிக்க அமெரிக்க முகங்களுக்குத் தவறான பொருத்தம் வெள்ளையரைவிட 10 முதல் 100 மடங்கு வரை அதிகமாக இருந்தது. ராபர்ட் வில்லியம்ஸ் என்பவரை 2020 ஜனவரியில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரப் போலீஸ் அவர் வீட்டு வாசலிலேயே, மனைவி மக்கள் கண்ணெதிரே கைது செய்ததற்குக் காரணமும் இப்படியொரு தவறான பொருத்தம்தான். பயிற்சி பெற்ற காவல்துறையே இப்படித் தடுமாறியிருக்க, மாப்பிள்ளையின் முகத்தை நள்ளிரவில் தேடி, எங்கோ கைதான ஒருவரின் படத்தோடு 80 மதிப்பெண் வந்தது என்று சம்பந்தத்தை முறிக்கும் பெரியப்பாவை நாம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

இவற்றிலிருந்து நம் முகத்தை நீக்கச் சொல்லலாம். பிம்ஐஸில் அந்த வசதி இலவசம். ஆனால் நீக்குவதற்கே நம் படத்தையும், மற்ற விவரங்களை மறைத்த அடையாள அட்டையின் நகலையும் கொடுக்க வேண்டும். அப்படி நீக்கினாலும் அந்தத் தளத்தின் முடிவுகளில் வராமல் போகுமே தவிர, மூலத் தளத்தில் படம் இருந்த இடத்திலேயே இருக்கும். சட்டத்தின் துணையும் நமக்குக் குறைவு. முகத்தேடல் சேவையைக் காவல்துறைகளுக்கு விற்கும் கிளியர்வியூ நிறுவனத்துக்கு நெதர்லாந்து 2024இல் 3.05 கோடி யூரோ அபராதம் விதித்தது. இணையத்திலிருந்து வகைதொகையின்றி முகங்களைத் திரட்டிக் களஞ்சியம் அமைப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரி முதல் தடை செய்துவிட்டது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, ஒருவர் தானே பொதுவில் வெளியிட்ட தகவலுக்குப் பொருந்தாது என்று விலக்கு அளித்திருக்கிறது. நாம் பொதுவில் போட்டுவைத்த செல்ஃபிகள் இந்த விலக்கில்தான் அடங்குகின்றன.

ஆகவே, பிறர் படத்தின் உண்மை அறிய டின்ஐ, லென்ஸ், யாண்டெக்ஸ். என் முகம் இணையத்தில் இருக்கிறதா என்றறிய மட்டும் பிம்ஐஸின் இலவசத் தேடல். மாதச் சந்தா கட்டுவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. முன்பின் தெரியாத ஒருவரின் படத்தை அனுப்பி ‘இது யார் என்று பார்த்துச் சொல்லுங்கள்’ என்று கேட்கும் நண்பர்களுக்கு இனியும் நான் தேடித் தரப்போவதில்லை.

தேடும்போது தன் அந்தரங்கப் படம் எங்காவது இருப்பதைக் கண்டவர்கள் நீக்கித் தருவதாகச் சொல்லும் எவருக்கும் உடனே பணம் கட்ட வேண்டாம். இணைப்போடு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கான பிரிவில் புகார் செய்யலாம்; மிரட்டிப் பணம் பறித்திருந்தால் 1930 என்ற எண்ணையும் அழைக்க வேண்டும். பதினெட்டு வயது நிறைந்தவர்களுக்கு ஸ்டாப்என்சிஐஐ (StopNCII) என்ற இலவசச் சேவை இருக்கிறது. அதில் படத்தை எங்கும் ஏற்ற வேண்டியதில்லை. நம் கைபேசியிலேயே படத்துக்கு ஓர் எண்முத்திரை உருவாகி அது மட்டுமே அனுப்பப்படுகிறது, அதை வைத்து ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக் முதலிய பங்கேற்கும் தளங்கள் அந்தப் படம் பரவாமல் தடுக்கின்றன. இந்த ஏற்பாட்டில் சேராத தளங்களில் கிடக்கும் படத்துக்கு, அந்தந்தத் தளத்துக்குத் தனித்தனியே எழுதித்தான் ஆக வேண்டும்.