"நல்லா தடிச்சிருக்கியே" என்று இனி யாரையும் பாராட்டாதீர்கள்

போன மாதம் தக்கலையில் ஒரு கல்யாண வீட்டில், வளைகுடாவிலிருந்து லீவுக்கு வந்திருந்த என் மச்சானைப் பார்த்ததும் நாலைந்து பேர் சொன்னது ஒன்றுதான். "நல்லா தடிச்சிருக்கியே மக்கா, இப்பதான் பாக்க ஒரு லட்சணம் இருக்கு." ரெண்டு நாள் கழித்து பல் பிடுங்கப் போன இடத்தில் பிரஷர் பார்த்திருக்கிறார்கள், 170/110. பல்லைத் தொடாமலே திருப்பி அனுப்பிவிட்டார்கள். வயது 38. தலைவலி இல்லை, கிறக்கம் இல்லை, ஒன்றுமே இல்லை. மறுநாள் வேறு இடத்தில் பார்த்தோம், அங்கேயும் கிட்டத்தட்ட அதே அளவுதான்.

இது அவன் ஒருவன் கதை இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் நூற்றுக்கு 30 பேருக்கும் பெண்களில் 25 பேருக்கும் பிரஷர் கூடுதலாக இருந்தது, அல்லது அதற்கு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதே கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பத்துக்கு நாலு பேர் அதிக எடை. இந்த ரெண்டு கணக்கையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

உடம்பு பெருக்கப் பெருக்க இதயம் கூடுதல் ரத்தத்தைத் தள்ள வேண்டியிருக்கிறது, வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு சிறுநீரகத்தை நெருக்குகிறது, சிறுநீரகம் உப்பை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது, உப்போடு தண்ணீரும் நின்றுவிடுகிறது, பிரஷர் ஏறாமல் என்ன செய்யும்? அதனால் எடையை விட இடுப்பைப் பாருங்கள். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80, அதைத் தாண்டினால் கவனம் வேண்டும்.

ஒல்லியாக இருந்தால் வராது என்றும் நினைக்க வேண்டாம். என் அப்பா ரப்பர் பால்வெட்டு, கடைசிவரை 52 கிலோவைத் தாண்டியதில்லை, அவருக்கும் பிரஷர் இருந்தது. கருவாடும் ஊறுகாயும் இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குக் கீழே என்கிறது உலக சுகாதார நிறுவனம், அதாவது ஒரு டீஸ்பூன். ஆனால் அவர் விடியும் முன்னே எழுந்து மரம் மரமாக நடந்தார். நாம் அதே மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் தின்றுவிட்டு, மேலே ஒரு பொட்டலம் நேந்திரங்காய் சிப்சும் தின்றுவிட்டு, முக்குக் கடைக்குக்கூட பைக்கில் போகிறோம்.

நல்ல செய்தியும் உண்டு. சராசரியாக ஒரு கிலோ குறைந்தால் பிரஷரின் மேல் அளவு (170/110 என்பதில் 170) ஒரு புள்ளி வரை இறங்கும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. அஞ்சாறு கிலோ குறைந்தால் அதுவே பெரிய ஆறுதல். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது, அது டாக்டர் சொல்ல வேண்டியது.

2021 ஆகஸ்டிலிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். எங்கள் தெருவில் அம்மைமார் கையை நீட்டுகிறார்கள், ஆண்கள் "எனக்கு ஒண்ணும் இல்ல" என்று நழுவிவிடுகிறார்கள். என் மச்சானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

இப்போது மாத்திரை எடுக்கிறான், காலையில் குளத்தங்கரையில் நடக்கிறான், ரெண்டு கிலோ குறைந்திருக்கிறான். நேற்று ஒரு மாமி அவனை நிறுத்தி, "என்ன மக்கா வாடிப் போயிட்டே, உடம்புக்கு முடியலியா?" என்று கேட்டார். பிரஷர் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டிருக்கலாம்.