455 அல்ல, 450

வானொலிப் பெட்டி பற்றிய கட்டுரை ஒன்று, எண்முறை (டிஜிட்டல்) டியூனர் உள்ள வானொலிகளிலும் இடைநிலை அதிர்வெண் (எந்த நிலையத்தைப் பிடித்தாலும் அதன் அலையைப் பெட்டி உள்ளே மாற்றிக்கொள்ளும் ஒரே நிலையான அதிர்வெண்) 455 கிலோஹெர்ட்ஸ்தான் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறது. அதை என்னால் ஏற்க முடியவில்லை. குமிழைத் திருப்பும் பழைய பெட்டிக்கு அது சரி. அதிர்வெண் தொகுப்பி (ஒரு நிலையான அதிர்வெண்ணின் மடங்குகளாகத் தேவையான அதிர்வெண்களை உருவாக்கும் சுற்று) வைத்த டியூனர்கள் பலவற்றில் 450 இருக்கும். எத்தனை அழகான கணக்கு அது! இந்தியாவில் மத்திய அலை நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைந்தவை. சென்னை 720 கிலோஹெர்ட்ஸ் நிலையத்தைப் பிடிக்க, பெட்டிக்குள் அலையை உருவாக்கும் உள் அலையியற்றி, நிலையத்தைவிட இடைநிலை அதிர்வெண் அளவு கூடுதலாக, 720 + 450, அதாவது 1170-இல் ஓட வேண்டும். 9 × 130. அலையியற்றியின் அதிர்வெண்ணை வகுத்து, 9 கிலோஹெர்ட்ஸ் ஒப்பீட்டு அதிர்வெண்ணுடன் ஒப்பிடத் தரும் வகுப்பானில் 130 என்று வைத்தால் போதும். 455 என்றால் 1175; 9-ஆல் வகுபடாது. ஒப்பீட்டு அதிர்வெண்ணை 1 கிலோஹெர்ட்ஸாகக் குறைக்கலாம்தான், ஆனால் அப்படி ஒப்பிட்டு அலையியற்றியைத் திருத்தும் வளையம் நிலைபெறக் கூடுதல் நேரமாகும். அமெரிக்காவின் 10 கிலோஹெர்ட்ஸ் இடைவெளிக்கும் 450 அப்படியே பொருந்துகிறது. கட்டுரையாளர் இதை அவசியம் சேர்க்க வேண்டும்.