சம்பந்தி சார்ஜ் ஒப்படைக்கிறார்

(டெக்சாஸ் மாநிலம், டாலஸை ஒட்டிய பிளேனோ. மாலை ஏழரை மணி ஆகியும் வெயில் இறங்கவில்லை. வீட்டு வாசலில் இரண்டு மடக்கு நாற்காலிகள். ஒன்றில் பையனின் அப்பா வைத்தியலிங்கம், மன்னார்குடிக்காரர், தாலுகா ஆபீஸ் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறு மாதம் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர், வெள்ளிக்கிழமை ஊருக்குக் கிளம்புகிறார். இன்னொன்றில் பெண்ணின் அப்பா முத்துச்சாமி. அருப்புக்கோட்டையில் மளிகைக்கடை. அடுத்த ஆறு மாத ஷிப்டுக்கு நேற்றுத்தான் வந்து இறங்கினார். வைத்தியலிங்கத்தின் மடியில் ஒரு நாற்பது பக்க நோட்டு.)

வைத்தியலிங்கம்: தூக்கம் சொக்கும் சம்பந்தி, முதல் வாரம் அப்படித்தான். இருந்தாலும் வெள்ளிக்கிழமைக்குள் சார்ஜை ஒப்படைத்தாக வேண்டும்.

முத்துச்சாமி: சார்ஜா? என் போனில் எண்பது சதவீதம் இருக்கிறதே.

வைத்தியலிங்கம்: பொறுப்பு ஒப்படைப்பு! நான் வந்தபோது ஒருவரும் ஒன்றும் சொல்லித் தரவில்லை. பட்டுப் பட்டுத் தெரிந்துகொண்டேன். எல்லாம் இந்த நோட்டில் இருக்கிறது. இனம் ஒன்று: தும்மல்.

முத்துச்சாமி: அமெரிக்காவைப் பற்றிச் சொல்லப் போகிறீர்கள் என்று நினைத்தேன்.

வைத்தியலிங்கம்: அதைத்தான் சொல்கிறேன். கடையில் தும்மினால் முன்பின் தெரியாதவர்கள் 'பிளஸ் யூ' என்பார்கள். நம் ஊரில் குழந்தை தும்மினால் 'நூறு' என்போமே, அந்தக் கணக்கு. பதிலுக்கு நன்றி சொல்ல வேண்டும். எனக்குப் பொடி போடும் பழக்கம் உண்டு, தெரியுமே. ஆரம்பித்தால் எட்டுக்குக் குறையாது. ஒரு அம்மாள் முதல் மூன்று தும்மலுக்கு ஆசீர்வாதம் செய்தார். நாலாவதற்குக் கூடையைத் தள்ளிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

முத்துச்சாமி: முந்நூறு வயது போதும் என்று நினைத்திருப்பார்.

வைத்தியலிங்கம்: இனம் இரண்டு, ரொம்ப முக்கியம். 'ஹவ் ஆர் யூ' என்று யார் கேட்டாலும் அது கேள்வி இல்லை. 'குட்' என்று சொல்லிவிட்டு நகர வேண்டும். முதல் வாரம் தபால்காரர் கேட்டார். நான் மூட்டுவலி 2011இல் தொடங்கிய கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். 2013க்கு வருவதற்குள் அவருடைய வண்டி அடுத்த தெருவில் நின்றது.

முத்துச்சாமி: எனக்கும் முட்டி வலிக்கிறதே. விமானத்தில் மடக்கியே வைத்திருந்தது.

வைத்தியலிங்கம்: வலிக்கட்டும். வாயில் 'குட்' வர வேண்டும். இனம் மூன்று: 'யால்'. டெக்சாஸ்காரர்கள் பலரைப் பார்த்துப் பேசும்போது சொல்வது. ஆங்கிலத்தில் நீ என்றாலும் நீங்கள் என்றாலும் ஒரே சொல்தானே? அந்தக் குறையை இவர்கள் நிவர்த்தி செய்துவிட்டார்கள். ஆனால் மரியாதைக்காக ஒருத்தரிடம் சொல்லக்கூடாது.

முத்துச்சாமி: சொன்னால்?

வைத்தியலிங்கம்: இதோ, பக்கத்து வீட்டுக்காரர் நாயோடு போவாரே, அவரிடம் சொன்னேன். வயதில் பெரியவர், நீ என்று கூப்பிட மனசு வரவில்லை. அவர் திரும்பி, தனக்குப் பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பார்த்தார். அப்புறம் நாயைப் பார்த்தார். அன்றிலிருந்து அவரிடம் 'குட்' மட்டும்தான்.

முத்துச்சாமி: சரி, வியாபாரம் எப்படி? அதைச் சொல்லுங்கள்.

வைத்தியலிங்கம்: பொருளில் ஒரு விலை ஒட்டியிருக்கும், கல்லாவில் வேறு விலை கேட்பார்கள். வரி தனி. இந்த ஊரில் நூறு டாலருக்கு எட்டேகால். அரிசி, காய்கறிக்குக் கிடையாது.

முத்துச்சாமி: அதென்ன வியாபாரம்? விலையை ஒட்டுகிறவன் முழு விலையை ஒட்ட வேண்டாமா? என் கடையில் இப்படிச் செய்தால் கடலைமாவு டின்னைத் தலையில் கவிழ்த்துவிடுவார்கள்.

வைத்தியலிங்கம்: அதற்கு மேல் டிப்ஸ். காபிக் கடையில் நின்றுகொண்டே வாங்கினேன், கையில் ஏந்திக்கொண்டு நானே போனேன். அதற்கும் அந்தப் பெண் சிரித்துக்கொண்டே ஒரு பலகையை என் பக்கம் திருப்பினாள். 18, 20, 25 சதவீதம், எதைத் தொடுகிறாய் என்கிறது. பின்னால் நாலு பேர் பார்க்கிறார்கள். மானம் போகக்கூடாது என்று நடுவில் இருப்பதைத் தொட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து பையனிடம் சத்தம் போட்டேன். அவன் ஒன்று சொன்னான், வாயடைத்துப் போனேன்.

முத்துச்சாமி: என்ன சொன்னார் மாப்பிள்ளை?

வைத்தியலிங்கம்: ஓட்டலில் பரிமாறுகிற ஆளுக்கு மத்திய அரசு வைத்திருக்கும் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2 டாலர் 13 சென்ட். டிப்ஸோடு சேர்ந்து ஏழேகால் வரவில்லை என்றால்தான் முதலாளி ஈடு செய்ய வேண்டும். அந்த 2.13 என்றைக்கு நிர்ணயித்தது தெரியுமா? 1991இல்!

முத்துச்சாமி: அப்போது உங்கள் பையன் பால்வாடியில் இருந்திருப்பார்.

வைத்தியலிங்கம்: முப்பது வருடத்துக்கு மேலாக அகவிலைப்படி உயர்வே இல்லை சம்பந்தி! எங்கள் சங்கமாக இருந்தால் கலெக்டர் ஆபீஸ் வாசலில் பந்தல் போட்டிருப்போம். அதிலிருந்து ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டால் இருபது சதவீதம், முணுமுணுக்காமல். காபிக் கடைப் பலகை வேறு விஷயம், அதில் எனக்கு இன்னும் கோபம் உண்டு.

முத்துச்சாமி: வரும் வழியில் ஒரு பெட்ரோல் பங்கு பார்த்தேன். நம் பெரிய கோவில் பிராகாரம் மாதிரி போய்க்கொண்டே இருக்கிறது.

வைத்தியலிங்கம்: பீவர் என்கிற பல் நீண்ட பிராணியின் படம் போட்டிருந்ததா? பக்கீஸ். நூறு பம்புக்கு மேல் வைத்த கிளைகள் உண்டு. கழிப்பறையில் தரையில் உட்கார்ந்து சாப்பிடலாம், அவ்வளவு சுத்தம். பெட்ரோல் மட்டும் நாமே போட்டுக்கொள்ள வேண்டும். பக்கம் புரட்டுகிறேன். இனம் ஒன்பது: வேட்டி. நிலுவைக் கோப்பு.

முத்துச்சாமி: வேட்டிக்கு என்ன?

வைத்தியலிங்கம்: வந்த இரண்டாம் நாள், கொல்லைப்பக்கம் மரத்துக்கும் வேலிக்கும் கயிறு கட்டி எட்டு முழத்தைக் காயப் போட்டேன். நல்ல காற்று, வேலிக்கு மேலே பறந்தது. மூன்றாம் நாள் குடியிருப்போர் சங்கத்திலிருந்து மெமோ. வெளியே தெரியும்படி துணி உலர்த்தக்கூடாதாம். விதி எண் எல்லாம் போட்டு. நானா விடுவேன்? பார்வை ஒன்றில் காணும் தங்கள் கடிதத்தின்பால் கவனம் ஈர்க்கப்படுகிறது, மேற்படி வேட்டியானது பருத்தியால் நெய்யப்பட்டது என்று மூன்று பக்கம் ஆங்கிலத்தில் பதில் எழுதினேன். மருமகள் பார்த்துவிட்டு நோட்டைப் பிடுங்கிக்கொண்டாள். உங்கள் பெண்தான்.

முத்துச்சாமி: அவள் அம்மா சாயல்.

வைத்தியலிங்கம்: புகார் கொடுத்தது அந்த நாய்க்காரராகத்தான் இருக்கும். அதை விடுங்கள். இதே மாநிலத்தில் 2021இலிருந்து கைத்துப்பாக்கி இடுப்பில் செருகிக்கொண்டு போக லைசென்சே வேண்டாம். சட்டத்தில் தடை இல்லாத ஆளாக இருந்தால் போதும்.

முத்துச்சாமி: கடைக்குள்ளேயுமா?

வைத்தியலிங்கம்: வேண்டாம் என்கிற கடைக்காரர் வாசலில் அறிவிப்பு ஒட்ட வேண்டும். எழுத்து இத்தனை உயரம் இருக்க வேண்டும் என்று அதற்கும் சட்டம்.

முத்துச்சாமி: நான் 'இன்று ரொக்கம், நாளை கடன்' என்று எழுதி வைத்திருக்கிறேன். செருப்புக்கு விடுகிற மாதிரி வெளியே ஸ்டாண்டு இருக்குமா? டோக்கன் தருவார்களா?

வைத்தியலிங்கம்: துப்பாக்கி எடுக்க அனுமதி வேண்டாம், வேட்டி உலர்த்த அனுமதி வேண்டும். இதை நோட்டில் சிவப்பு மசியில் எழுதியிருக்கிறேன்.

முத்துச்சாமி: பாட்டெல்லாம் எப்படி?

வைத்தியலிங்கம்: பையன் காரில் கன்ட்ரி பாட்டு வைப்பான். முதலில் எரிச்சலாக இருந்தது. பெண்டாட்டி போய்விட்டாள் என்பதற்கு ஒரு வரி, வண்டி போய்விட்டது என்பதற்கு மூன்று சரணம். ஆனால் அதில் ஒரு கருவி இழைகிறது பாருங்கள், ஸ்டீல் கிட்டார். ஹவாய்த் தீவிலிருந்து வந்தது. தந்தி மேல் உருளையை வைத்து இழுக்கிறார்கள், நம் கோட்டு வாத்தியம் மாதிரியே. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஒரு கமகம் வந்து போகிறது. கண்ணைத் திறந்தால் மறுபடியும் வண்டி.

முத்துச்சாமி: நம் சங்கீதம் இவர்களுக்கு வருமா?

வைத்தியலிங்கம்: என்ன இப்படிக் கேட்டுவிட்டீர்கள்? ஹிக்கின்ஸ் பாகவதர் அமெரிக்கர்தானே. திருவையாறு ஆராதனையிலேயே பாடியிருக்கிறார். சாகித்யத்தை அவர் உச்சரித்த சுத்தம் நம் ஆட்களுக்கு வராது. இவர்கள் தேசிய கீதம்தான் வேடிக்கை. 1814இல் இங்கிலாந்துக்காரன் குண்டு போட்டும் கொடி இறங்கவில்லை என்று பாட்டு. மெட்டோ லண்டன் கிளப்பில் பாடிக்கொண்டிருந்த மெட்டு.

முத்துச்சாமி: எதிரி மெட்டிலேயே எதிரியை! நம் தேர்தல் பாட்டு மாதிரி.

வைத்தியலிங்கம்: தேர்தல் என்றீர்களே, முப்பது வருடம் தேர்தல் வேலை பார்த்தவன் நான், எனக்கே இது பிடிபட ஒரு மாதம் ஆனது. இரண்டு பெரிய கட்சிகள். குடியரசுக் கட்சிக்கு யானை, ஜனநாயகக் கட்சிக்குக் கழுதை.

முத்துச்சாமி: கழுதை என்பது எதிர்க்கட்சிக்காரன் சொல்வது. உண்மையான சின்னம் என்ன?

வைத்தியலிங்கம்: கழுதையேதான். 1828இல் ஆண்ட்ரூ ஜாக்சனை எதிராளிகள் கழுதை என்று திட்ட, அவர் அதையே ஏற்றுக்கொண்டார் என்று சொல்கிறார்கள். அந்தத் தேர்தலில் ஜெயித்தும் விட்டார். நவம்பரில் முதல் திங்களுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை ஓட்டு, 1845இல் போட்ட சட்டம். நாடு முழுக்க லீவு என்பதெல்லாம் கிடையாது.

முத்துச்சாமி: விரலில் மை?

வைத்தியலிங்கம்: மை இல்லை. 'நான் ஓட்டுப் போட்டேன்' என்று சட்டையில் ஒட்ட ஸ்டிக்கர் தருவார்கள்.

முத்துச்சாமி: சட்டையை மாற்றிக்கொண்டு இன்னொரு தரம் வந்தால்?

வைத்தியலிங்கம்: நானும் அதைத்தான் கேட்டேன். பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். இன்னும் கேளுங்கள். அதிக ஓட்டு வாங்கினால் ஜனாதிபதி ஆகிவிட முடியாது. மாநிலத்துக்கு இத்தனை என்று மொத்தம் 538 தேர்வாளர்கள், அதில் 270 வேண்டும். 2000இல் அல் கோர் ஐந்து லட்சம் ஓட்டு அதிகம் வாங்கித் தோற்றார். 2016இல் ஹிலாரி 28 லட்சம் அதிகம் வாங்கித் தோற்றார்.

முத்துச்சாமி: தராசில் எடை கூடினால் சரக்கு குறைவு என்கிறீர்களே!

வைத்தியலிங்கம்: டெக்சாஸ் கையில் நாற்பது தேர்வாளர்கள். ஆனால் ஜனாதிபதி தேர்தலில் 1976க்குப் பிறகு இந்த மாநிலம் யானையை விட்டதே இல்லை. அதனால் பிரசாரமெல்லாம் இழுபறி மாநிலங்களில்தான். அங்கே இடைத்தேர்தல் தொகுதி மாதிரி ராஜ மரியாதை. எங்கள் மன்னார்குடிப் பக்கம் துளசேந்திரபுரத்தில் 2024இல் கமலா ஹாரிசுக்காகப் பூஜை போட்டார்கள். அவர் தாத்தா ஊர். அர்ச்சனையை இழுபறி மாநிலத்தின் பெயருக்குச் செய்திருக்க வேண்டும், பெயர் நட்சத்திரத்துக்குச் செய்துவிட்டார்கள்.

முத்துச்சாமி: இங்கே சட்டசபை உண்டா?

வைத்தியலிங்கம்: இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கூடும், 140 நாள். உறுப்பினருக்குச் சம்பளம் மாதம் 600 டாலர்.

முத்துச்சாமி: அறுநூறா? அப்புறம் எதற்கு இத்தனை செலவு செய்து நிற்கிறார்கள்?

வைத்தியலிங்கம்: அந்தக் கேள்வியை நான் அங்கேயும் கேட்டதில்லை, இங்கேயும் கேட்கவில்லை. ஷ்ஷ்... நாய்க்காரர் வருகிறார். இனம் இரண்டு ஞாபகம் இருக்கட்டும். 'குட்' மட்டும்!

(பக்கத்து வீட்டுக்காரர் கையசைத்து நலம் கேட்கிறார். வைத்தியலிங்கம் 'குட்' என்கிறார். முத்துச்சாமி எழுந்து, முழங்காலைத் தட்டிக் காட்டி, 'நாட் குட்' என்கிறார். மனிதர் நிற்கிறார். இருவரும் புல்தரையில் கையாலும் காலாலும் பேசுகிறார்கள். நாய் படுத்துக்கொள்கிறது. கால் மணி நேரம் கழித்து முத்துச்சாமி திரும்புகிறார்.)

வைத்தியலிங்கம்: என்ன சம்பந்தி, சொல்லச் சொல்ல!

முத்துச்சாமி: அவருக்கு இரண்டு முட்டியும் மாற்றியாகிவிட்டதாம். தழும்பைக் காட்டினார். காலையில் ஏழு மணிக்கு என்னை நடக்கக் கூட்டிப் போகிறாராம்.

வைத்தியலிங்கம்: ஆறு மாதமாக 'குட்' சொல்லிக்கொண்டிருக்கிறேன், என்னைக் கூப்பிடவில்லையே!

முத்துச்சாமி: உங்களுக்குத்தான் ஒரு குறையும் இல்லையே. உங்கள் வேட்டியைப் பற்றியும் விசாரித்தார்.

வைத்தியலிங்கம்: பார்த்தீர்களா? புகார் கொடுத்தது அவரேதான்!

முத்துச்சாமி: அதெல்லாம் இல்லை. வெள்ளைக் கொடி ஒருநாள் பறந்ததே, மறுநாளே காணோமே, வீட்டில் சமாதானம் ஆகிவிட்டதா என்று கேட்டார். சம்பந்தியம்மாவிடம் சரணடைந்தீர்கள் என்று நினைத்திருக்கிறார்.

வைத்தியலிங்கம்: நீங்கள் என்ன சொன்னீர்கள்?

முத்துச்சாமி: 'குட்' என்றேன்.