கே.எம். மாணி 1965 முதல் சட்டமன்றத்தில் இருந்தாரா?

"பாலா தொகுதி வக்கீல் கே.எம். மாணி 1965 முதல் சாகும்வரை கேரள சட்டமன்றத்தில் உட்கார்ந்தவர், அந்தச் சாதனையை யாரும் தொடவில்லை" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

1965-இல் அவர் ஜெயித்தது உண்மை. ஆனால் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காததால் அந்தச் சபை ஒரு நாள்கூடக் கூடாமலே கலைக்கப்பட்டது. 1967-இல்தான் சட்டமன்றத்துக்குள் போனார். அப்புறம் 2019 ஏப்ரலில் மறையும்வரை பாலா அவரைக் கைவிடவே இல்லை. நிதியமைச்சராக 13 பட்ஜெட் போட்ட மனிதருக்குப் பொய்ப் பெருமை எதற்கு?

நீண்டகால உறுப்பினர் என்ற சாதனையை 2022 ஆகஸ்டில் புதுப்பள்ளித் தொகுதியின் உம்மன் சாண்டி கடந்துவிட்டார். கேரள சட்டமன்ற இணையதளத்தில் உறுப்பினர் விவரம் இருக்கிறது, பாருங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.