லதா எழுத்துருவால் இது தீராது

ஒரு தமிழ் இணையப் பக்கம் தன் உலாவியில் கிறுக்கலாகத் தெரிகிறது, என்ன செய்வது என்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்கு இன்னொருவர், “விண்டோஸின் தமிழ் எழுத்துருவான லதாவை நிறுவுங்கள், சரியாகிவிடும்” என்று பதில் எழுதியிருக்கிறார். ஆகாது. எழுத்துரு இல்லாவிட்டால் வெறும் கட்டங்கள்தான் தெரியும். கேள்வி கேட்டவருக்குத் தெரிவதோ தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ‘ஏ’, அடுத்து வட்டத்துக்குள் ‘ஆர்’, இன்னொரு குறி, மறுபடி அதே ‘ஏ’. இது குறியாக்கக் கோளாறு, அதாவது எழுத்துகளை எண்களாகச் சேமித்த முறையை உலாவி தவறாகப் புரிந்துகொண்டதால் வருவது. இன்று இணையத்தில் பரவலாக உள்ள யுடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் க, ா போன்ற ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் (சேமிப்பு அலகு). பக்கம் தன் குறியாக்கத்தைச் சொல்லாமல் விட்டால், உலாவி அதை மேற்கத்திய மொழிகளுக்கான பழைய குறியாக்கமான விண்டோஸ்-1252 என்று தவறாக ஊகித்து அந்த மூன்றையும் தனித்தனி மேற்கத்திய எழுத்துகளாகக் காட்டிவிடும். தமிழுக்கு முதல் பைட் எப்போதும் ஒன்றேதான். அதனால்தான் அந்த ‘ஏ’ விடாமல் வருகிறது.

ஃபயர்ஃபாக்ஸில் ஆல்ட் விசையை அழுத்தி, வியூ பட்டியலில் ‘ரிப்பேர் டெக்ஸ்ட் என்கோடிங்’ கொடுத்துப் பாருங்கள். குரோமில் இதற்கான பட்டியலையே எடுத்துவிட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. பக்கம் உங்களுடையது என்றால், அதன் எச்டிஎம்எல் தலைப்பகுதியின் தொடக்கத்திலேயே, குறியாக்கத்தைச் சொல்லும் மெட்டா சார்செட் வரியில் யுடிஎஃப்-8 என்று எழுதுங்கள்.

எழுத்துரு நிறுவித் தீர்வது, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருந்த பாமினி என்ற பழைய எழுத்துருவில் எழுதிய பக்கங்களுக்குத்தான். அதற்கும் வேண்டியது பாமினி, லதா அல்ல.